உருதுவில் எண்ணுதல்

தமிழ்ப் பிள்ளை ஒன்று முதல் பத்து வரை சொல்லப் பழகி, இருபது, முப்பது, நாற்பது என்னும் பத்துகளின் பெயர்களையும் அறிந்துகொண்டால், நூறு வரை எண்ணுவதற்கு அதற்கு வேறு ஆசிரியர் வேண்டியதில்லை. இருபதோடு ஒன்று சேர இருபத்தொன்று. எழுபதோடு ஆறு சேர எழுபத்தாறு. பிள்ளை தானே சேர்த்துச் சொல்லும். சொன்னது சரியாகவும் இருக்கும்.

இந்தப் பழக்கத்தோடு உருது மொழியைக் கற்கப் புகும் தமிழர் இடறுகின்ற முதலிடம் எழுத்து என்றே பலரும் எண்ணுவர். எழுத்தைச் சில மாதங்களில் கைக்கொண்டுவிடலாம். எண்களோ ஆண்டுக்கணக்கில் அலைக்கழிப்பவை. ஏக், தோ, தீன், சார், பாஞ்ச், சே, ஸாத், ஆட், நௌ, தஸ் என்னும் பத்துச் சொற்களும், பீஸ், தீஸ், சாலீஸ் எனத் தொடரும் பத்துகளும் ஒரு கிழமைக்குள் மனத்திற் பதிந்துவிடும். (இங்கு ‘ச’ வருமிடமெல்லாம் ‘பச்சை’ என்பதிலுள்ள ஒலியையே கொள்ளல் வேண்டும்.) அந்தத் துணிவோடு, தமிழிற் போல இருபதையும் ஒன்றையும் இணைத்து ‘பீஸ் ஏக்’ என்று கேட்டால், லாகூர்க் கடைக்காரர் விழிப்பார். இருபத்தொன்றுக்கு அங்கே இக்கீஸ் என்று தனிச் சொல் உண்டு. இருபத்திரண்டு பாயீஸ், இருபத்துநான்கு சௌபீஸ், முப்பத்திரண்டு பத்தீஸ், ஐம்பத்திரண்டு பாவன். ஒன்று முதல் நூறு வரை ஏறக்குறைய நூறு சொற்கள். அவற்றை ஒவ்வொன்றாக மனனஞ் செய்தல் வேண்டும். விதியை அறிந்து ஆக்கிக்கொள்ள இயலாது.

ஏன் இப்படி? இச்சொற்கள் பழைய நாணயங்களைப் போன்றவை. எத்தனையோ தலைமுறைகளின் கைகளிற் புழங்கித் தேய்ந்து, முத்திரை மங்கி, வட்டம் மட்டும் எஞ்சி நிற்பவை. வடமொழியில் பன்னிரண்டு துவாதச எனப்படும். இரண்டும் பத்தும் அதிலே தெளிவாகத் தெரியும். பிராகிருதங்களின் வழியே வரும்போது முன்னின்ற ‘துவா’ ‘பா’ ஆயிற்று. பின்னின்ற ‘தச’ தேய்ந்து ‘ரா’ ஆயிற்று. எஞ்சியது பாரா. பத்தென்பது அதற்குள்ளே இருக்கின்றது என்று இன்று எவரும் காதால் அறிய முடியாது. தமிழ் எண்களில் ஒட்டுப்போட்ட இடம் இன்றும் தெரிகின்றது. உருதுவில் அது தெரியவில்லை.

ஆயினும் உற்றுநோக்குபவருக்கு ஒரு வழி புலப்படும். தனித்து நிற்கும்போது இரண்டு ‘தோ’. கூட்டெண்ணிலோ அது பெரும்பாலும் ‘பா’ என்றோ ‘ப’ என்றோ முகங்காட்டும்: பாரா, பாயீஸ், பத்தீஸ், பயாலீஸ், பாவன், பாஸட், பஹத்தர், பயாஸீ, பானவே. பன்னிரண்டு முதல் தொண்ணூற்றிரண்டு வரை இவ்வொன்பது சொற்களையும் மேலிருந்து கீழாக ஒரே நிரலில் எழுதிப் பார்த்தால், இரண்டின் சாயல் அனைத்திலும் தெரியும். இது விதியன்று, ஒரு குடும்பத்துப் பிள்ளைகளிடையே காணும் முகச்சாயல். இலக்கண நூல்கள் எண்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகவே அச்சிட்டுக் கொடுக்கின்றன. பத்துப் பத்தாகத் தாண்டி நிரல்வழியே படிக்கும் முறையையும் அவை காட்டியிருந்தால், கற்போரின் பாரம் பாதி குறைந்திருக்கும்.

ஒன்பதிலே முடியும் எண்கள் தனிக் கதை. பத்தொன்பது உன்னீஸ், இருபத்தொன்பது உந்தீஸ், ஐம்பத்தொன்பது உன்ஸட். ஐம்பத்தொன்பதைக் கேட்கும்போது காதில் விழுவது ஐம்பதின் ஒலியன்று, அறுபதாகிய ஸாட் என்பதன் ஒலி. அறுபதிற்கு ஒன்று குறைவு என்பதே சொல்லின் பொருள். முன்னிற்கும் ‘உன்’, குறைந்தது என்று பொருள்படும் ‘ஊன’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. தமிழில் வழங்கும் ஊனம் என்பதும் அதே சொல்தான். இதைக் கேட்டுத் தமிழர் நகைக்க இடமில்லை. ஒன்பது பத்தையும், தொண்ணூறு நூற்றையும், தொள்ளாயிரம் ஆயிரத்தையும் பெயரிலே தாங்கி நிற்பதைத் தமிழில் நாள்தோறும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம். உருதுவும் இவ்வழியிலே கடைசி வரை செல்வதில்லை. எண்பத்தொன்பது நவாஸீ, தொண்ணூற்றொன்பது நின்யானவே. இவ்விரண்டிலும் ஒன்று குறைவென்ற பேச்சே இல்லை; ஒன்பதே நேராக வந்து நிற்கின்றது.

அந்தத் தொண்ணூற்றொன்பதைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. பொருளாசையிற் சிக்கியவனை ‘நின்யானவே’யின் சுழலில் அகப்பட்டவன் என்பர். கிடைத்ததைக் கொண்டு மகிழ்ந்திருந்த ஏழை ஒருவனுக்கு எவனோ தொண்ணூற்றொன்பது ரூபாய் அடங்கிய முடிப்பைக் கொடுத்துவிட, அதனை நூறாக்க வேண்டுமென்று அவன் உண்ணாமலும் உறங்காமலும் உழைத்து நிம்மதியிழந்தான் என்பது அதன் பின்னுள்ள கதை. இரு பொருள்களிடையே சிறு வேற்றுமையே உண்டு என்பதற்குப் பத்தொன்பது இருபது வித்தியாசம் என்பார்கள். ஓட்டம் பிடித்தவனை ‘நௌ தோ கியாரா’ ஆனான் என்பார்கள். ஒன்பதும் இரண்டும் பதினொன்று என்பது சொற்பொருள்.

எண்களில் நேரும் பிழை இலக்கணப் பிழையைப் போன்றதன்று. ஆண்பாலைப் பெண்பாலாகச் சொன்னால் கேட்பவர் புன்னகைத்துத் திருத்திக்கொள்வார். பச்சீஸ் இருபத்தைந்து, பச்சாஸ் ஐம்பது. இவ்விரண்டையும் மாற்றிக் கேட்டவர் பணப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு வாதாட நேரிடும். ஸைந்தீஸ் முப்பத்தேழு, ஸைந்தாலீஸ் நாற்பத்தேழு. பச்பன் ஐம்பத்தைந்து, சப்பன் ஐம்பத்தாறு. ஸாத், ஸாட் என்ற இணையில் முன்னது ஏழு, பின்னது அறுபது. இந்த ஓரிடத்தில் தமிழருக்குச் சிறிது ஆறுதல் உண்டு. தகரத்தையும் டகரத்தையும் வேறுபடுத்தி அறியத் தமிழ்ச் செவி பிறப்பிலேயே பழகியது. ஐரோப்பியர் இவ்விடத்திற் படும் பாடு பெரிது.

முழு எண்களைக் கடந்து பின்னங்களுக்கு வந்தால், உருதுவின் அழகும் ஆபத்தும் சேர்ந்தே வருகின்றன. தமிழில் மூன்றேகால், மூன்றரை, மூன்றேமுக்கால் என மூன்றும் மூன்றின் மேல் ஏறிச் செல்லும். உருதுவில் ‘ஸவா தீன்’ மூன்றேகால். ‘ஸாடே தீன்’ மூன்றரை. மூன்றேமுக்காலுக்கோ ‘பௌனே சார்’ என்பர். நான்கிற்குக் காற்பங்கு குறைவு. மேலே கண்ட அதே ‘ஊன’ இங்கும் ஒளிந்திருக்கின்றது. ‘பௌன்’ முக்கால் என்றும் ‘ஆட்’ எட்டு என்றும் தனித்தனியே கற்றவர், ‘பௌனே ஆட்’ மணிக்கு வண்டி புறப்படும் என்று கேட்டால், எட்டேமுக்கால் என்று கணக்கிட்டு ஆறுதலாகத் தேநீர் அருந்திக்கொண்டிருப்பார். வண்டி ஏழேமுக்காலுக்கே போயிருக்கும்.

ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் ‘ஸாடே’ உதவாது. ஒன்றரை ‘டேட்’, இரண்டரை ‘டாயீ’ அல்லது ‘அடாயீ’. மூன்றாவதிற் பாதி என்று பொருள்பட்ட பழந்தொடரே தேய்ந்து ‘அடாயீ’ ஆயிற்று. இரண்டு முழுமையாகி மூன்றாவது பாதியில் நிற்கின்றது என்பது கருத்து. அஜ்மீர் நகரில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பழைய பள்ளிவாசலை மக்கள் ‘அடாயீ தின்’ குடிசை, அதாவது இரண்டரை நாட் குடிசை, என்று இன்றும் அழைப்பதை அங்கு சென்றோர் அறிவர். இப்பின்னங்கள் பேரெண்களோடும் இணையும். ‘ஸவா ஸௌ’ 125. ‘டேட் ஸௌ’ 150. ‘பௌனே தோ ஸௌ’ 175. ‘டாயீ ஹஸார்’ 2,500. நூற்றைம்பது என்பதை நூறும் ஐம்பதுமாகக் காணாமல் ஒன்றரை நூறாகக் காணும் கண் வணிகரின் கண். பழைய பாடசாலைகளில் ‘தோ தூனீ சார், தோ தியா சே’ என்று பெருக்கல் வாய்பாட்டைப் பாடிய பிள்ளைகள், அதனை முடித்த பின் ஒன்றேகால் வாய்பாடு, ஒன்றரை வாய்பாடு, இரண்டரை வாய்பாடு என்பவற்றையும் பாடி மனனஞ் செய்தனர். எண்சுவடியும் கீழ்வாயிலக்கமும் கற்ற தமிழ்த் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது புதுமையாகத் தோன்றியிராது. பதினாறணா ஒரு ரூபாயாக இருந்த காலத்தில் காலும் அரையும் முக்காலும் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் வந்தன. இந்தியா 1957இலும் பாகிஸ்தான் 1961இலும் ரூபாயை நூறு பைசாவாக வகுத்தபின் அத்தேவை குறைந்தது. எனினும் முற்றிலும் உண்மையான செய்தியைப் ‘பதினாறணா உண்மை’ என்று சொல்லும் வழக்கு அணா போன பின்பும் நிலைத்திருக்கின்றது.

எழுதும் முறையில் ஒரு விந்தை உண்டு. உருது வலமிருந்து இடமாக எழுதப்படுவது. எண்களின் இலக்கங்களோ இடமிருந்து வலமாகவே செல்லும். வாசிப்பவர் கண் வலமிருந்து ஓடிவந்து, எண்ணைக் கண்டதும் அதன் மறுகரைக்குத் தாவி, அங்கிருந்து திரும்பி வாசித்து, மீண்டும் இடப்புறம் தொடரும். செவியின் நிலையோ இன்னும் சிக்கலானது. சௌபீஸ் என்னும்போது நான்கு முதலிலும் இருபது பின்னரும் ஒலிக்கின்றன. கை இரண்டை முதலில் எழுதி நான்கைப் பின் எழுதவேண்டும். பூச்சியத்தை ஒரு புள்ளியாக எழுதி ‘ஸிபர்’ என்பர். அரபு மொழியிலிருந்து வந்த இச்சொல்லே ஐரோப்பாவைச் சுற்றி ஆங்கிலத்தின் வழியாகச் ‘சைபர்’ எனத் தமிழ்ப் பேச்சிலும் குடியேறியது. ஆயிரமாகிய ‘ஹஸார்’ பாரசீகச் சொல். வடமொழிச் ‘சஹஸ்ர’த்தின் உடன்பிறப்பு. தமிழின் ‘ஆயிரம்’ அந்தச் சஹஸ்ரத்தின் வழித்தோன்றல் என்பது மொழிநூலார் துணிபு. உருதுக்காரரும் தமிழரும் ஆயிரத்துக்கு வரும்போது ஒரே சொல்லைத்தான் வெவ்வேறு வேடத்திற் சொல்லுகின்றனர்.

இந்த எண்களைக் கொண்டு உயர்ந்த கணிதத்தைக் கற்பிக்க முடியாது என்று எவரேனும் கருதினால், டெல்லிக் கல்லூரியின் வரலாறு அதற்கு விடையிறுக்கும். 1840களில் அங்கே கணிதமும் விஞ்ஞானமும் உருதுவிலேயே போதிக்கப்பட்டன. அங்கு கற்பித்த ராம்சந்திரர் 1850இல் பெருமம் சிறுமம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கணித நூலைக் கண்டு வியந்து, 1859இல் இலண்டனில் மறுபதிப்பு வரச்செய்தவர் ஆகஸ்டஸ் டி மோர்கன். அந்த ஆங்கிலக் கணித மேதை பிறந்த ஊர் மதுரை என்பது தமிழருக்குச் சுவையான செய்தி.

இன்று நிலைமை வேறு. பாகிஸ்தானில் உருது தேசிய மொழியாயினும், 2017ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு ஏழு பேரளவினரே. ஏனையோரிற் பலர் பாடசாலையில் இந்த நூறு சொற்களைக் கற்றாகவேண்டும். நகரங்களில் ஆங்கில மூலம் படிக்கும் பிள்ளைகளோ, வீட்டில் உருது பேசினாலும், எண் வந்தவுடன் ஆங்கிலத்துக்குத் தாவுகின்றனர். எழுபத்தெட்டும் எண்பத்தேழும் அவர்களுக்கு மயக்கந் தருகின்றன; பாட்டனார் ஆண்டைச் சொன்னால் பேரன் அதை ஆங்கிலத்திற் கேட்டுத் தெளிகின்றான். சொற்கள் கடினமானவை, எளிதானதைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வதில் தவறென்ன என்பர் சிலர். அவ்வாறு எடுத்துக்கொண்ட மொழி ஒன்று அதே நாட்டில் இருக்கின்றது. பலூசிஸ்தானத்துக் கலாத் பகுதியிலே பேசப்படும் பிராகுயி, தமிழுக்குத் தூரத்து உறவான திராவிட மொழி. அதில் இரண்டு ‘இரட்’, மூன்று ‘முஸிட்’. தமிழ்ச் செவிக்கு உறவு உடனே விளங்கும். நான்கு முதல் அதற்குச் சொந்த எண்ணில்லை. அயல்மொழி எண்களே வழங்குகின்றன. மூன்றுக்கு அப்பால் பிராகுயியின் முன்னோர் எவ்வாறு எண்ணினர் என்பதை இன்று அம்மொழியைக் கேட்டு அறிய வழியில்லை.

உருது எண்களைக் கற்க விரும்பும் தமிழர் முதலிற் பத்துகளையும், பின் பச்சீஸ், பச்சாஸ், ஸௌ என விலைகளில் அடிக்கடி வருவனவற்றையும், அடுத்துக் கடிகார நேரத்துக்குரிய ஸவா, ஸாடே, பௌனே என்பவற்றையும் செவியாற் பழகுதல் நலம். ஏனைய எண்களை நாளுக்கு ஒரு நிரலாக, இரண்டில் முடிவன ஒரு நாள், ஏழில் முடிவன மறுநாள் என்று உரக்கச் சொல்லிப் பழகலாம். ஒன்பதின் நிரலைக் கடைசிக்கு விட்டுவைப்பதே மேல்.