கடலோரத்துப் பெண்பிள்ளைகள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், 1960களில் படித்தோர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இப்படியான விழாக்களில் பள்ளி மணி, பிரார்த்தனை மண்டபம், கண்டிப்பான ஆசிரியை என்று பேசுவது வழக்கம். எங்களுக்கு முன் பேசியவர்கள் அவற்றை நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நாங்கள் காரைநகர்க் கசூரினா கடற்கரையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம். அதற்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுங்கள்.

எங்கள் காலத்தில் கடற்கரைக்குப் போவது ஒரு பெரிய பயணம். மாமாவின் மொறிஸ் மைனர் காரிலே ஒன்பது பேர் ஏறுவோம். பொன்னாலைப் பாலம் வந்ததும் காற்றின் மணமே மாறிவிடும். சவுக்கு மரநிழலில் பாய் விரித்து, புளிச்சாதமும் வடையும் எடுத்து வைப்பார்கள். அண்ணாமாரும் தம்பிமாரும் காற்சட்டையோடு ஓடிப் போய்க் கடலில் விழுவார்கள். எங்களுக்கோ பாயில் இருந்தபடியே அம்மம்மாவின் கட்டளை வரும்: "பெட்டையள் முழங்கால் மட்டும்தான்!" பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று சிப்பி பொறுக்கினோம். அதுவே எங்களுக்குக் கடல்குளிப்பு.

கீரிமலையிலும் இதே கதைதான். ஆண்களின் கேணி கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கும். எங்கள் பக்கத்துப் பொடியள் பலர் அதிலே குதித்துக் குதித்துத்தான் நீந்தப் பழகினார்கள். பெண்களுடையது மதிலுக்குள்ளே. அங்கே குறுக்குக்கட்டோடு படியில் இருந்து முழுகிவிட்டு வருவோம். குறுக்குக்கட்டோடு யாராவது நீந்திப் பார்த்ததுண்டா?

நம் கரையின் நீச்சல் வீரர்களை எண்ணிப் பாருங்கள். தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் போய்த் திரும்பியும் வந்தார். பள்ளிப் பிள்ளைகளாக நாங்களும் பெருமைப்பட்டோம். அதே நீரிணையைத் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 2004இல் நீந்திக் கடந்த பெண் புலா சௌத்ரி, வங்காளத்திலிருந்து வந்தவர். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நம் குடாநாட்டில் வளர்ந்த பெண்களில் எத்தனை பேருக்குப் பத்து யார் நீந்தத் தெரியும்? எங்கள் வகுப்பு ஒன்றுகூடலில் கை உயர்த்தச் சொன்னோம். இரண்டு கைகள் உயர்ந்தன. இரண்டும் வெளிநாட்டுக்குப் போன பிறகு பழகியவை.

பிறகு போர் வந்தது. அம்மம்மா போட்ட வேலிக்கு மேலே முட்கம்பி வேலியும் வந்தது. வலிகாமம் வடக்குக் கரை 1990இல் நமக்கு மூடப்பட்டது; மயிலிட்டித் துறைமுகம் மக்கள் கைக்குத் திரும்ப 2017 ஆகிவிட்டது. இருபத்தேழு ஆண்டுகள்! அந்த ஊர்களிலே ஒரு தலைமுறை கடலை மணக்க மட்டுமே செய்து வளர்ந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம்மில் பலர் கிளாலிக் கடல்நீரேரியை இருட்டில் வள்ளத்தில் கடந்தோம். மடியில் பிள்ளை, காலடியில் பெட்டி. வள்ளம் கவிழ்ந்தால் என்ன செய்வது என்று அன்று யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டுப் பயனும் இல்லை.

2004 மார்கழி 26ஆம் நாளைப் பற்றி நாங்கள் அதிகம் பேசப் போவதில்லை. வடமராட்சி கிழக்கிலே உறவுகளை இழந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். ஆனால் சுனாமி தாக்கிய பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக மாண்டார்கள் என்றும், நீந்தவும் மரமேறவும் பழகாததும் சேலை காலைச் சுற்றியதும் அதற்கான காரணங்களில் அடங்கும் என்றும் ஆய்ந்தவர்கள் சொன்னார்கள். அவ்வளவு பெரிய அலைக்கு முன் நீச்சல் எல்லோரையும் காப்பாற்றியிருக்காதுதான். சிலரையாவது காப்பாற்றியிருக்கும்.

இனி இன்றைய கசூரினாவுக்கு வருவோம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வரும் பிள்ளைகள் வான் பிடித்து அங்கே போகிறீர்கள். சந்தோசம். அது ஆழம் குறைந்த, அமைதியான கடல். இடுப்பளவு தண்ணீருக்கே வெகுதூரம் நடக்க வேண்டும். ஆனால் ஒரு சங்கதி. அந்தக் கரை வடக்கே பார்த்தது. திருவிழாக் காலத்தில் வீசுவதோ சோளகம், தெற்கும் மேற்கும் கலந்து வருவது. ஆகவே காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் அலை எழாது, தண்ணீர் தட்டுப்போலக் கிடக்கும். காற்றடித்த ரியூப்பில் பிள்ளையை இருத்திவிட்டு நீங்கள் வடையைக் கையில் எடுக்கும் நேரத்துக்குள், ரியூப் சத்தமில்லாமல் வெளியே நகர்ந்துவிடும். வாடைக் காலத்தில் கடல் இரைந்து பயமுறுத்தும், அதனால் யாரும் கிட்டப் போக மாட்டார்கள். எங்களுக்கு அந்தச் சோளகத்து அமைதியில்தான் பயம் அதிகம். மணற்காட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அது வங்காள விரிகுடாவின் திறந்த கடல், காலை இழுத்துவிடும்.

அண்மையில் அங்கே எங்களில் ஒருவரின் பேத்தி, பத்து வயதுப் பிள்ளை, மீன்குஞ்சுபோல நீந்தினாள். அம்மம்மாவையும் வரச் சொல்லிக் கூப்பிட்டாள். அம்மம்மா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே கையசைத்தார். பக்கத்திலே உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் நால்வர், பெண்பிள்ளைகள்தான், அவர்களும் முழங்கால் தண்ணீரில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அறுபது ஆண்டுகள் கழிந்தும் நம் பிள்ளைகள் நிற்கும் ஆழம் மாறவில்லை.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. நூற்றாண்டு நிதியில் நினைவு வளைவு ஒன்று கட்டலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. வளைவுக்குக் கீழே நடக்க நமக்கு ஏற்கனவே வாசல் உண்டு. அந்தப் பணத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் நீச்சல் பழக்குவோம். தடாகத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். பயிற்றுபவர் பெண்ணாக இருக்க வேண்டும். நீளக்கை, நீளக்கால் வைத்த நீச்சலுடை வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் மறுக்கும் பெற்றோர் குறைவு என்று நினைக்கிறோம். மறுப்பவர்களின் வீட்டுக்கு நாங்களே போய்ப் பேசுகிறோம். நரைத்த தலைக்கு நம்மூரில் இன்னும் கொஞ்சம் மரியாதை இருக்கிறது.

முதல் ஆண்டுச் செலவில் பாதியை எங்கள் வகுப்பு ஏற்கிறது. மீதிப் பாதிக்குப் பெயர் தருகிறவர்கள் இன்று மாலைக்குள் செயலாளரிடம் பதியுங்கள். பழகுவதற்குப் பெயர் தர வயதெல்லை இல்லை. எங்களில் இருவர் ஏற்கனவே கொடுத்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவருக்கு 74 வயது.