ஆறாவது எண்



கையில் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு என்று எழுதுங்கள். அதன் வர்க்கம் 4, நான்கின் வர்க்கம் 16, அடுத்தது 256, அதற்கடுத்தது 65536. இவை ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என ஐந்து எண்கள் கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். அதாவது, ஒன்றாலும் தம்மாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை.

பிரெஞ்சு நாட்டுக் கணித மேதை பெர்மா, இவ்வரிசையில் வரும் எண்கள் யாவும் பகா எண்களே எனத் தாம் நம்புவதாக 1640-இல் கடிதமொன்றில் எழுதினார். அதற்கு நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

நான் இளம் ஆசிரியனாயிருந்தபொழுது ஒருநாள் வகுப்பில் இதனைக் கூறினேன். நிறுவல் இல்லை என்பதை மட்டும் கூறவில்லை. கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஆறாவது எண்ணை வகுத்துப் பார்த்தீர்களா, ஐயா?" என்று வினவினான். "பெர்மாவைவிட நீ பெரியவனோ? உட்கார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் தலைகவிழ்ந்து அமர்ந்தான்.

அந்த ஆறாவது எண், 65536-இன் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டி வருவது: 4294967297. ஏறத்தாழ 429 கோடி! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. விளக்கடியில் அமர்ந்து, பகா எண்களால் வரிசையாக வகுக்கத் தொடங்கினேன். முதல் 115 எண்களும் மீதி காட்டின. 116-ஆவது பகா எண் 641. அதனால் வகுத்தேன், மீதி இல்லை. ஈவு 6700417.

பின்னர் நூல்களைப் புரட்டியபொழுது, ஆய்லர் என்னும் பேரறிஞர் 1732-லேயே இதனைக் கண்டறிந்தார் எனத் தெரிந்துகொண்டேன். அவர் நிறுவிய விதியொன்றும் உண்டு: இவ்வெண்ணை வகுக்கவல்ல பகா எண் எதுவாயினும், 64-இன் மடங்கு ஒன்றைவிட ஒன்று மிகுந்ததாகவே இருக்கும். ஆகவே, சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, 641 ஆகியனவே. நான் 116 முறை வகுத்து அடைந்த இடத்தை ஐந்தாம் முறையிலேயே அடையலாம். உழைப்போடு சிந்தனையும் சேர்ந்தால் விளையும் பயன் இது.

மறுநாள் அம்மாணவனை அழைத்துச் சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்தேன். 641-ஐயும் 6700417-ஐயும் அவன் பெருக்கிக் காட்டினான். "நேற்று நான் கூறியது பிழை; அவன் கேட்டதே முறை" என்று வகுப்பறிய ஒப்புக்கொண்டேன். இம்முறை எவரும் சிரிக்கவில்லை.

அவ்வரிசையில் ஆறாவது முதல் 33-ஆவது வரையுள்ள எண்கள் அனைத்தும் வகுபடுவனவே என இன்று அறிவோம். அதற்கப்பால் பகா எண் ஒன்றேனும் உண்டா என்பதை இன்றளவும் எவரும் நிறுவவில்லை. அக்கதவு உங்களுக்காகவும் திறந்தே இருக்கிறது.

ஐந்து சான்றுகள் ஒத்துவந்தமையால் ஆறாவதும் ஒத்துவரும் என்று கொள்ளாதீர்கள். பெரியோர் சொல்லை மதித்துக் கேளுங்கள். கேட்டபின், வகுத்தும் பாருங்கள்.