அக்கா வந்துச்சு, அத்தான் வந்தாரு

(தலைப்பு: பெண்களுக்கு மரியாதை கிடைக்க மாற வேண்டியது மனமா? மொழியா? 'மொழியே' என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு போடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். "மனசு சுத்தமா இருந்தா வாயில எது வந்தா என்ன? எங்க ஊர்ல பொண்ணை 'அது'ன்னு சொல்றது பாசம்யா, பாசம்!" கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஏன்னா நானும் மதுரைப் பக்கத்துக்காரன்தான். எங்க வீட்லயும் "அக்கா வந்துச்சு", "அக்கா சாப்பிட்டுச்சு"ன்னுதான் பேச்சு. சரி. அதே வீட்டுக்கு அக்கா வீட்டுக்காரர் வந்தா? "அத்தான் வந்தாரு", "அத்தான் சாப்பிட்டாரு". ஏங்க, அவ்வளவு பாசம் இருக்கே, அதுல கொஞ்சம் அத்தானுக்கும் கொடுத்து "அத்தான் வந்துச்சு"ன்னு ஒரு தடவை சொல்லிப் பாருங்களேன்! மறுநாள் பஞ்சாயத்துக் கூடிடும். (சிரிப்பு, கைதட்டல்)

எங்க பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் வாசல்ல நின்னு போன்ல பேசிக்கிட்டிருந்தார். "அதுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். இப்பத்தான் கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருக்கு." பேசி முடிச்சதும் நான் அக்கறையா கேட்டேன், "எப்ப சார் நாய் வாங்குனீங்க?" (பலத்த சிரிப்பு) மனுஷன் நாலு நாள் என்கூடப் பேசல. அந்த அம்மா இன்னிக்கும் என்னைப் பார்த்தா சிரிக்கிறாங்க.

சிரித்துவிட்டோம். இப்போது கொஞ்சம் இலக்கணம், பயப்படாதீர்கள், இரண்டு நிமிடம்தான். மனிதர்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை. இது ஆறாம் வகுப்புப் பாடம். நான் கல்லூரியில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இந்தத் திணையும் பாலும் நடத்துகிறேன். "ஒருவர்" என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்று தொல்காப்பியர் பெயரியலில் சொல்லி வைத்திருக்கிறார். "ஒருவன்", "ஒருத்தி" என்று பிரிக்காமல், ஆளைப் பார்க்காமல், மரியாதையாகச் சொல்ல ஒரு சொல். "அவர்" என்பதும் அப்படித்தான். வெள்ளைக்காரன் மொழியில் அவன், அவள் இரண்டும் வேண்டாமென்றால் என்ன சொல்வது என்று இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. பெட்டியில பட்டுச்சேலை இருக்கு, எடுத்துக் கட்டத்தான் மனசு வரல.

இன்னொன்று. கணவனை இழந்தவளுக்கு எத்தனை சொல் இருக்கிறது? கைம்பெண், விதவை, இன்னும் இந்த மேடையில் சொல்லக்கூடாத சொற்கள். மனைவியை இழந்த ஆணுக்கு? அரங்கத்தில் யாராவது சொல்லுங்கள் பார்ப்போம். சத்தமே இல்லை. ஆனால் தமிழில் சொல் இருந்தது. தபுதாரம் என்று பெயர்; தபுதார நிலை என்று தொல்காப்பியத்தில் துறையே உண்டு. அவன் சொல் புத்தகத்திலேயே தூங்கிவிட்டது. அவள் சொல்லை மட்டும் நாம் தெருவில் கூவிக்கொண்டிருக்கிறோம். எது நிலைக்கிறது, எது தொலைகிறது என்பதை இலக்கணம் முடிவு செய்யவில்லை நடுவர் அவர்களே, நம் நாக்கு முடிவு செய்தது.

"வாழாவெட்டி"க்கு ஆண்பால் என்ன? இல்லை. அந்தச் சொல்லை ஏன் எடுத்தேன் என்றால், அது எங்க வீட்டில் புழங்கிய சொல்.

என் அக்கா 1986-இல் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். அத்தான் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டார். (பார்த்தீங்களா, இப்பவும் "கொண்டார்"தான் வருது.) எங்க அம்மாவுக்கு அக்கா மேல உயிர். அக்கா சாப்பிடாம அம்மா சாப்பிட மாட்டாங்க. ஆனா வீட்டுக்கு யார் வந்தாலும் கண்ணீரோட அம்மா சொல்ற வார்த்தை, "என் மக வாழாவெட்டியா வந்து உக்காந்திருக்கு." எதிரணி நண்பர்களே, நீங்க கேக்கற மனசு அங்கே இருந்தது. எங்க அம்மா மனசுல என்ன குறை? எதை மாத்தணும்? அன்பு முழுசா இருந்தது. சொல்தான் ஒவ்வொரு தடவையும் அக்காவைக் குத்திக்கிட்டே இருந்தது. அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விடும்.

"உக்காந்திருக்கு"ன்னு அம்மா சொன்னாங்களே, அக்கா உட்காரவே இல்லை. ஒரு பழைய தையல் மெஷினை வாங்கிப் போட்டு, தெருவுக்கே ஜாக்கெட் தைத்தார்கள். நான் எம்.ஏ. படித்தது, ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியது, எல்லாவற்றிலும் அந்த மெஷின் சத்தம் இருக்கிறது. எனக்கு வேலை கிடைத்து, கூட வேலை பார்க்கும் இரண்டு பேராசிரியர்கள் முதல்முறை வீட்டுக்கு வந்தார்கள். அக்கா காபி கொண்டுவந்து வைத்தார்கள். நான் அறிமுகம் செய்தேன். எப்படித் தெரியுமா? "இது எங்க அக்கா. வீட்டுக்காரரோட வாழல, எங்ககூடத்தான் இருக்கு."

அவர்கள் போன பிறகு அக்கா தம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, தையக்கடை வச்சிருக்கேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

(அரங்கத்தில் அமைதி)

உயர்திணை, அஃறிணை பாடம் நடத்துகிற முனைவர் நான்.

காகிதத்தில் இருக்கும் சொல்லையும் விட்டுவிட முடியாது. அக்கா மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது விண்ணப்பத்தில் "தகப்பனார் கையெழுத்து" என்று மட்டும்தான் இடம். தாயார் எதிரே நிற்கிறார், கையெழுத்துப் போட இடமில்லை! நாடு முழுக்க இந்தக் கதை இருந்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் மகன் பேரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, தாய் கையெழுத்து செல்லாது என்றார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்று இருக்கிறது. "பின்" என்றால் தந்தை செத்த பின்தானா? 1999 பிப்ரவரியில் நீதிமன்றம் சொன்னது: இல்லை, பிள்ளையைக் கவனிக்கும் இடத்தில் தந்தை இல்லாதபோது என்றும் பொருள் கொள்ளலாம். ஒரே ஒரு சொல், நடுவர் அவர்களே! நீதிபதிகள் யார் மனதையும் திறந்து பார்க்கவில்லை, சொல்லுக்குப் பொருள் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு வந்தபோது எங்க அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு. அதுவரைக்கும் என் கையெழுத்துதான் ஓடியது.

"மனம் மாறட்டும், மொழி தானாக மாறும்" என்றார் எதிரணித் தலைவர். எத்தனை வருஷம் காத்திருப்பது? திருநங்கைகளை முன்பு என்ன சொல்லிக் கூப்பிட்டோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் அவர்களை உயர்திணையோடுதான் வைத்திருக்கிறார். நாம் அவர்களைத் திணையிலேயே சேர்க்கவில்லை. பிறகு "திருநங்கை" என்ற சொல் வந்தது. 2008-இல் தமிழக அரசு அவர்களுக்கு நலவாரியம் அமைத்தது. எல்லோர் மனமும் மாறிய பிறகா அந்தச் சொல் வந்தது? கிடையாது. சொல் முன்னால் போய்விட்டது, மனம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது, இன்னும் வந்து சேரவில்லை. ஆனாலும் பாருங்கள், அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே ஒருவரைத் திட்டுவது கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. "திரு" குறுக்கே நிற்கிறது! (கைதட்டல்)

பாசத்தில் ஒருமையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெத்த மகளை "வாடா ராஜா"ன்னு கொஞ்சுங்க, வேண்டாம்னு சொல்ல நான் யாரு? தராசுல ரெண்டு தட்டுக்கும் ஒரே படிக்கல்லைப் போடுங்கன்னுதான் கேக்கறேன். மனைவி "அது"ன்னா கணவனும் "அது". கணவன் "அவர்"னா மனைவியும் "அவர்".

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். நேற்று ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டேன். "நாளைக்கு மேடையில உன் கதையைச் சொல்லலாமா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பேரு வேணாம் தம்பி. நாலு மெஷின் ஓடுதுன்னு மட்டும் சொல்லிரு"ன்னுச்சு.

மன்னிக்கணும் நடுவர் அவர்களே. சொன்னாங்க.