இயற்கைப் பூச்சும் பகுத்தறிவும்

(தாம்பரத்தில் மாதர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



கடைச் சோப்பையும் கடைப் பூச்சையும் விட்டுவிட்டு, வீட்டிலேயே அரைத்தும் இடித்தும் தேய்த்துக் குளிக்கும் பழக்கத்திற்குத் திரும்பலாமா என்பதைப் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். சாதி ஒழிய வேண்டியிருக்கிறது, மூடநம்பிக்கை ஒழிய வேண்டியிருக்கிறது, இந்நிலையில் சீயக்காயைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சில தோழர்கள் சிரிக்கலாம். ஆனால் பெண்கள் முகத்தில் பூசுகிற அந்தக் கொஞ்சம் பூச்சுக்குள்ளேயே சாதியும் மதமும் பெண்ணடிமையும் வியாபாரியின் சூழ்ச்சியும் சேர்த்துக் குழைக்கப்பட்டிருப்பதால் இதைப் பேசித்தான் ஆக வேண்டும்.

இன்று பல்லாவரம் முதல் சேலையூர் வரையில் எந்தத் தெருவில் பார்த்தாலும் "ரசாயனம் கலவாத குளியல் பொடி", "பாட்டி காலத்து நலங்கு மாவு" என்று விற்கிறார்கள். கடையில்லாதவர்கள் கைப்பேசியிலேயே விற்கிறார்கள். நான் இதற்கு விரோதியல்ல. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரைக்கிற சத்து ஒன்றிருக்கிறது. அதற்கு சபோனின் என்று பெயர். அது எண்ணெயையும் அழுக்கையும் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு போய்விடும். பாசிப்பயற்று மாவும் எண்ணெயை உறிஞ்சி எடுக்கும். சோப்பு என்பதோ கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துச் செய்தது; அதில் காரத்தன்மை மிகுந்திருக்கும். நம் தோலோ சற்றுப் புளிப்புத் தன்மையுள்ளது. ஆகவே வறண்ட தோல் உள்ளவர்களுக்குச் சோப்பு எரிச்சலும் வெடிப்பும் உண்டாக்கலாம். பயற்று மாவு சுகமாயிருக்கலாம். செலவும் குறைவு. சுகமாயிருக்கிறது, செலவு குறைகிறது என்று ஒருவர் மாறினால் அது அறிவுள்ள காரியம். முன்னோர் சொன்னார்கள் என்றோ, பூமியில் விளைந்தது கெடுதல் செய்யாது என்றோ மாறினால்தான் சண்டை.

முதலில் ஒரு கேள்வி. இத்தனை அரைப்பும் பூச்சும் எதற்காக? அழுக்குப் போகவா, நிறம் போகவா? அழுக்குப் போக என்றால் தண்ணீரும் ஒரு பிடி மாவும் போதும். ஆனால் இப்பொடி விற்பவர்கள் சீட்டில் என்ன எழுதுகிறார்கள்? "ஏழே நாளில் பளிச்" என்று எழுதுகிறார்கள். கறுப்பு ஒரு குறை என்று சொல்லித்தான் கடைப் பூச்சு விற்றது; அதே குறையைச் சொல்லித்தான் இயற்கைப் பூச்சும் விற்கிறது. பானை மாறிற்றேயொழிய சரக்கு மாறவில்லை.

தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்னும் பொருள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் உடம்புக்குள் புகுந்து கெடுதல் செய்யாதபடி அது குடை பிடிக்கிறது. வெயில் அதிகமுள்ள நாட்டில் அந்தக் குடை பெரிதாக இருப்பது பாக்கியமேயொழியப் பாபமல்ல. ஆனால் கல்யாண விளம்பரத்தைப் பாருங்கள்! "சிவந்த மேனியுள்ள மணமகள் தேவை" என்று கூசாமல் போடுகிறான். போடுகிறவன் நிறத்தைப் பற்றி அவ்விளம்பரத்தில் ஒரு வார்த்தையும் இராது. சிவப்பு உயர்ந்த சாதிக்கும் கறுப்புத் தாழ்ந்த சாதிக்கும் அடையாளம் என்று யாரோ கட்டிவிட்ட கதையை நம்பி, கறுத்த பெண்ணைப் பெற்றவன் கூடுதல் வரதட்சணை கொடுக்கிறான். இந்தச் செங்கற்பட்டு மாவட்டத்தில்தான், 1929ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், முதல் மாகாண சுயமரியாதை மாநாடு கூடிற்று. பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை வெட்டி எறிய வேண்டுமென்று அங்கே தீர்மானம் செய்தார்கள். பட்டத்தை எறிந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று தோலைச் சுரண்டி எறியப் பார்க்கிறார்கள்!

இந்த ஆசையை வைத்து வியாபாரி எப்படிப் பிழைத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். 1975இல் கடைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 45 வருஷம் அப்பெயரிலேயே விற்றுவிட்டு, 2020இல் உலகமெங்கும் நிறவெறிக்கு எதிராகக் கூச்சல் எழுந்த பிறகு 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. அது தானாகப் பிறந்த ஞானமல்ல. நம் சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' என்ற சங்கத்தைச் சேர்ந்த கவிதா இம்மானுவேல் என்ற அம்மையார் 2009லேயே கறுப்பும் அழகே என்று இயக்கம் தொடங்கினார். 2014இல் விளம்பரக்காரர்களின் சபையே, கறுத்தவர்களைத் தாழ்ந்தவர்களாகக் காட்டக் கூடாது என்று விதி செய்ய வேண்டியதாயிற்று.

பெயர் பெற்ற கம்பெனியாவது சீட்டு ஒட்டி விற்கிறது. சீட்டே இல்லாமல் விற்பதன் கதையைக் கேளுங்கள். கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த கோட்டக்கல்லில், 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில், கால் வீங்கி, சிறுநீரில் புரதம் ஒழுகி, சிறுநீரகக் கோளாறோடு 22 பேர் ஒரே மாதிரியான நோயுடன் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு வகை இருப்பது தெரிந்தது. டாக்டர்கள் துருவித் துருவி விசாரித்தபோது, அந்த 15 பேரில் 13 பேர் தோலை வெளுக்க வைக்கும் பூச்சைப் பூசி வந்ததாக ஒப்புக்கொண்டார்கள். பூச்சில் இருந்தது பாதரசம். பாதரசம் மெலனின் உண்டாகாதபடி தடுக்கும். அதனால் தோல் வெளுக்கும். அதே பாதரசம் தோல் வழியாக இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூச்சை நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. பாதரசத்தை அடக்குவதற்கென்று 2013இல் பல நாடுகள் கூடி மினமாட்டா ஒப்பந்தம் செய்தன; இந்தியாவும் 2018இல் அதை ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும் இப்பூச்சு பெட்டிக் கடையில் கிடைக்கிறதென்றால், கேட்கிறவர்கள் இருப்பதால் கிடைக்கிறது.

இதைக் கேட்டவுடன் "பார்த்தீர்களா, இதற்குத்தான் இயற்கைக்குத் திரும்ப வேண்டும் என்கிறோம்" என்று சிலர் சொல்லக்கூடும். தோழர்களே, பாதரசமும் இயற்கையில் விளைவதுதான்! நாட்டு மருந்துக் கடையில் ஜாதிலிங்கம் என்று விற்கிறார்களே, அதிலிருந்துதான் பாதரசம் எடுக்கிறார்கள். இயற்கை நமக்குத் தாயுமல்ல, பேயுமல்ல. அது நம்மை நினைத்து எதையும் செய்வதில்லை.

வேப்பெண்ணெயைவிட இயற்கையான வஸ்து வேறென்ன? 1980களின் ஆரம்பத்தில் மலேசியாவில் நம் இந்தியக் குடும்பங்களில், சளிக்கும் வயிற்றுக்கும் நல்லதென்று கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குப் புகட்டினார்கள். குழந்தைகளுக்கு வாந்தியும் மயக்கமும் வலிப்பும் கண்டு, ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டு, மரணமும் நேர்ந்தது. டாக்டர்கள் அதை வைத்தியப் பத்திரிகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கேயும் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுகிற பாட்டிமார் உண்டு. அந்த எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும். பாட்டியின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. அன்பு எண்ணெயின் குணத்தை மாற்றாது.

குளியல் பொடியில் கார்போக அரிசி என்று ஒன்று போடுகிறார்கள். அதில் சோரலென் என்ற சத்து இருக்கிறது. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் சிவந்து கொப்பளிக்கலாம், பிறகு கறுக்கும். அதனால்தான் வெண்புள்ளி உள்ளவர்களுக்கு நிறம் வர வைக்க அதை மருந்தாக உபயோகிக்கிறார்கள். சிவப்பாக வேண்டுமென்று பூசுகிற பொடியில் கறுப்பாக்கும் மருந்தைப் போட்டு விற்கிறான். நாமும் மணக்கிறதென்று வாங்குகிறோம்! எலுமிச்சம் பழத்தைத் தோலில் தேய்த்துக்கொண்டு வெயிலில் நடக்கிறவர்களுக்கும் சில சமயம் இதே கதிதான்.

ஆவாரம் பூவையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நமது பக்கத்துச் சங்கதி. ஆவாரம் பூவை மேனிக்கு நல்லதென்று காய வைத்து அரைக்கிறோம். அதே செடியின் பட்டையைக் கொண்டுதான் நம் நாட்டில் நெடுங்காலம் மாட்டுத் தோலைப் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் என்ற உலோகத்தின் உப்பைக் கொண்டு பதனிடும் முறை வந்தது. அந்தத் தொழிற்சாலையால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே வந்தது. அக்குரோமியமும் ஈயமும் சேர்ந்த ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தை, பளபளப்புக்காக மஞ்சளில் கலக்கிறவர்கள் உண்டு. வங்காள தேசத்தில் இக்கலப்படத்தை ஆராய்ச்சியாளர்கள் 2019இல் வெளிப்படுத்திய பிறகு சர்க்கார் சோதனை போட்டு அடக்கினார்கள். நம் நாட்டு மஞ்சளிலும் இது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பொடியில் மட்டுமல்ல, முழுக் கிழங்கின் மேலேயே தடவி விடுவார்கள். "நானே கிழங்கு வாங்கி இடித்தேன்" என்பதும் முழு ஜாமீன் ஆகாது.

மஞ்சள் என்றவுடன் இன்னொன்று. மஞ்சள் கிருமியைக் கொல்லும், ஆகவே நம் பெரியோர் விஞ்ஞானிகள் என்று வைதிகர்கள் இப்போது வாட்சப்பில் எழுதுகிறார்கள். மஞ்சளில் உள்ள குர்குமினை ஐரோப்பாவில் 1815லேயே பிரித்தெடுத்தார்கள். சோதனைக் குழாயில் அது சில கிருமிகளைத் தடுப்பது உண்மைதான். இருக்கட்டும். கிருமி நாசினிதான் என்றால், ஆண்கள் ஏன் தினம் பூசிக்கொள்வதில்லை? ஆண்களைக் கிருமி அண்டாதா? அதைவிட முக்கியம், புருஷன் செத்தால் ஏன் பெண்ணிடமிருந்து மஞ்சளைப் பறித்தீர்கள்? விதவைக்குக் கிருமியே வராது என்று எந்த விஞ்ஞானத்தில் கண்டீர்கள்? மஞ்சளும் குங்குமமும் உடம்புக்காக வந்தவையல்ல. இவள் ஒருவனுக்குச் சொந்தமானவள், அவன் உயிரோடிருக்கிறான் என்று ஊருக்கு அறிவிக்கும் முத்திரைகள். முத்திரைக்கு இப்போது ஆராய்ச்சிச் சாலையிலிருந்து அத்தாட்சி தேடுகிறார்கள். எண்ணெய்க் குளியலுக்குக்கூட ஆணுக்குப் புதனும் சனியும், பெண்ணுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று வகுத்தார்களே, நல்லெண்ணெய் பஞ்சாங்கம் பார்த்தா தலையில் இறங்குகிறது?

அப்படியானால் எதை நம்புவது என்று கேட்பீர்கள். நமக்கு அடுத்தாற்போல் சானடோரியம் இருக்கிறது. 1928இல் காசநோயாளிகளுக்காக டாக்டர் சவுரிமுத்து ஏற்படுத்தியது. அந்தக் காலத்தில் காற்றும் வெயிலும் நல்ல உணவுமே பெரும்பாலும் மருந்து. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அது எங்கிருந்து வந்தது? மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது! அதைவிட இயற்கையான பொருள் கிடையாது. ஆனால் மண்ணிலிருந்து வந்தது என்பதற்காக அதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மருந்தைக் கொடுத்து, மறு கூட்டத்துக்குக் கொடாமல், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, 1948இல் இங்கிலாந்தில் கணக்கை வெளியிட்டார்கள். அதன் பிறகே மருந்து என்றார்கள். அதே சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் நடக்கிறது. அங்குள்ள சரக்குக்கும் இதே தராசுதான். சீமை மருந்துக்கு ஒரு தராசு, நாட்டு மருந்துக்கு ஒரு தராசு என்று பகுத்தறிவாளனிடம் கிடையாது.

கடைசியாக, இந்த வீட்டுத் தயாரிப்பை யார் செய்வது? சீயக்காயைக் காய வைப்பது, இடிப்பது, சலிப்பது எல்லாம் யார் தலையில்? ஏழரை மணி மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டிய பெண், அடுப்பையும் பார்த்து, பிள்ளையையும் கிளப்பி, புருஷன் தலைக்கும் தன் தலைக்கும் அரைத்து வைக்க வேண்டுமா? "எங்கள் வீட்டில் எல்லாம் இயற்கைதான்" என்று பெருமை பேசுகிற ஆண் தோழர்கள் அம்மியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். தலைமுடியை வெட்டிக்கொள்ளுங்கள், அதைப் பேணுவதிலேயே உங்கள் ஆயுள் போகிறது என்று பெரியார் பெண்களுக்குச் சொன்னபோது ஊர் சிரித்தது. இடுப்பளவு கூந்தலுக்குச் சீயக்காய் அரைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு விளங்கும்.

செய்கிறவர்கள் சில சங்கதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாய் எதையும் முகத்தில் பூசுமுன் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள். தண்ணீர் விட்டுக் குழைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். கெடாமல் இருக்க மருந்து சேர்க்காத ஈர மாவில் பூஞ்சணமும் கிருமியும் சீக்கிரம் குடியேறும். வீட்டில் சோப்புக் காய்ச்சுகிறவர்கள் காஸ்டிக் சோடாவைக் குழந்தைகள் கைக்கெட்டாமல் வையுங்கள்; கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். படைக்கும் தேமலுக்கும் மருந்துக் கடைக்காரன் கொடுக்கிற களிம்பை வெளுக்கும் என்று முகத்தில் பூசாதீர்கள். ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018லேயே சர்க்கார் உத்தரவு போட்டாயிற்று.

கடைப் பூச்சானால் டப்பாவில் செய்தவன் பெயர், விலாசம், லைசென்ஸ் நம்பர், சேர்ந்த பொருள்கள், எந்தத் தேதி வரை உபயோகிக்கலாம் என்பது இருக்க வேண்டும். 2020ஆம் வருஷத்து அழகுசாதன விதிகள் அதைக் கட்டாயமாக்குகின்றன. வீட்டிலுள்ள டப்பாக்களைக் கொண்டுவரச் சொல்லித் தலைவர் முன்பே அறிவித்திருந்தார். கொண்டு வந்திருக்கிற சகோதரிகள் இப்படி மேசைக்கு வாருங்கள். ஒவ்வொன்றாய்ப் படித்துப் பார்க்கலாம்.