காதில் தொடங்கும் எழுத்து
(மக்தப் மதரஸா பெற்றோர் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் கற்கும் முறை பற்றிச் சில வார்த்தைகள் பேச விழைகின்றோம். "அது பள்ளிக்கூடத்தார் பொறுப்பல்லவா, ஹஜ்ரத்துக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் எண்ணக்கூடும். ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளை நாள்தோறும் அருகில் அமர்த்தி ஓதக் கேட்பவர்கள் நாம். ஆகவே சிலவற்றை நாமும் காண்கின்றோம்.

இரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளையிடம், அதே பாடத்தின் நடுவே ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். விழிக்கிறது. விரல் ஒரு வரியில், வாய் வேறு வரியில். அப்பிள்ளை வாசிக்கவில்லை, மனனம் செய்ததைச் சொல்கிறது. முதலிரண்டு வகுப்புகளில் இது யார் கண்ணிலும் படுவதில்லை. பாடம் நீண்டதும் ஞாபகம் கைவிடுகிறது. பிறகு 'மக்கு' என்ற பட்டம். எட்டாம் வகுப்போடு நின்று கடை வேலைக்குப் போகும் பையன்கள் பலரின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறக்கப்பட்டன. அந்த இழப்பை ஈடுசெய்யவே அரசு 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி'யையும், 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தையும் கொண்டுவந்தது. அவை அரசின் திட்டங்கள். வீட்டில் செய்ய வேண்டியது வேறு.

பிள்ளை 'மழை' என்பதை 'மளை' என்று எழுதினால் நாம் கோபப்படுகிறோம். பத்து முறை எழுதச் சொல்கிறோம். சற்று நிதானியுங்கள். நம் வீடுகளில் 'மளை பெய்யுது' என்றுதானே பேசுகிறோம்? காதில் விழுந்ததைப் பிள்ளை பிசகாமல் எழுதியிருக்கிறது. குறை அதன் கையில் இல்லை. அதற்கு நாம் கொடுத்த ஓசையில் இருக்கிறது. பத்து முறை எழுதினால் கைதான் வலிக்கும்.

இதற்கு மருந்து நம்மிடமே உண்டு. காயிதா ஓதும் ஐந்து வயதுப் பிள்ளை ஸீனையும் ஸாதையும் வேறுபடுத்திச் சொல்கிறது. எப்படி? மக்ரஜ் சொல்லிக் கொடுக்கிறோம். நாக்கு எங்கே தொடுகிறது, எங்கிருந்து ஓசை பிறக்கிறது என்று வாயைக் காட்டிக் கற்பிக்கிறோம். தமிழிலும் இது புதிதன்று. தொல்காப்பியத்தில் எழுத்துகளின் பிறப்பைச் சொல்லவே பிறப்பியல் என்று ஓர் இயல் இருக்கிறது. 'ல' சொல்லும்போது நாக்கு மேற்பல்லின் அடியைத் தொடும். 'ள' சொல்லும்போது தடித்து மேலண்ணத்தைத் தொடும். 'ழ' சொல்லும்போது பின்னோக்கி வளைந்து அண்ணத்தை வருடும்; அழுத்தி ஒட்டாது. தாயின் வாயைப் பார்த்துப் பிள்ளை மூன்றையும் சொல்லிப் பழகினால் எழுதுவதில் பாதிப் பிழை தானாகப் போய்விடும்.

எல்லாம் காதால் தீராது என்பதையும் சொல்ல வேண்டும். ர-ற வேறுபாடு நம் பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதைக் கண்ணால்தான் பழக வேண்டும். நாம் வாயால் சொல்வது 'குத்தாலம்'. பலகையில் இருப்பது 'குற்றாலம்'. காத்து, காற்று, நேத்து, நேற்று என்று இரண்டையும் அருகருகே வைத்து, "பேசுவது இப்படி, எழுதுவது இப்படி" என்று காட்டினால் பிள்ளை ஏற்றுக்கொள்கிறது. பேச்சைப் பிழை என்று இகழ வேண்டாம். 'சிற்றருவி' என்ற ஒரே சொல்லில் இரண்டு வகையும் இருக்கின்றன. குளிக்கப் போகும்போது காட்டுங்கள்.

தென்காசிப் பேருந்து நிலையத்தில் நிற்கும் கால் மணி நேரம் ஒரு வகுப்பு. செங்கோட்டை: ககரத்துக்கு முன் 'ங்'. இலஞ்சி: சகரத்துக்கு முன் 'ஞ்'. ஐந்தருவி: தகரத்துக்கு முன் 'ந்'. இந்த இனத்தைப் பிள்ளை கண்டுகொண்டால் ந-ன மயக்கம் பெரிதும் தீரும். மற்றபடி சொல்லின் முதலில் வருவது 'ந' என்பது போதும். நூன் ஸுகூனுக்குப் பின் 'பே' வந்தால் மீமாக ஓதுகிறோமே, அதுவும் இதே உறவுதான். கடையநல்லூரில் 'ல்', புளியங்குடியில் 'ளி', பண்பொழியில் 'ழி' என்று பலகைகளே பாடம் நடத்தும்.

ஓர் இடர்ப்பாட்டைப் பெற்றோர் கவனிப்பதில்லை. அரபியில் ஜபரும் ஜேரும் எழுத்தின் மேலும் கீழும் நிற்கும். தமிழில் 'தெ' எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது. ஓசையோ பின்னே வருகிறது. 'கொ'வில் இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாய்க் கூட்டும் பிள்ளை இங்கே இடறும். கொம்பையும் எழுத்தையும் சேர்த்து ஒரே உருவாகக் காட்ட வேண்டும். (1978 சீர்திருத்தத்திற்கு முந்தைய முறையில் 'லை', 'னை' எழுதிப் பழகிய பாட்டனார்கள் பேரப்பிள்ளைக்குப் புதிய முறையிலேயே எழுதிக் காட்டும்படி அன்புடன் வேண்டுகிறோம்!)

எழுத்தறியாத தாய்மார்கள் தம்மால் இயலாது என்று ஒதுங்க வேண்டாம். பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே கேட்கலாம்: 'அருவி' எந்த ஓசையில் தொடங்குகிறது? 'மழை'யில் 'ம' போய் 'த' வந்தால் என்ன? 'தலையணை'க்கு எத்தனை கைதட்டு? கையும் கண்ணும் வேலையில் இருக்கட்டும். இதற்குக் காதும் வாயும் போதும். சொல்லை ஓசைகளாகப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்து வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தவர்களுக்கும் இதுவே. ஏ முதல் இஸட் வரை சொல்வது எழுத்துகளின் பெயர், ஓசை அன்று. 'சி, ஏ, டி' என்று பெயர்களைக் கூட்டினால் 'கேட்' எங்கே வரும்? ஒவ்வோர் எழுத்தின் ஓசையைக் கேட்டுப் பழக்குங்கள். தமிழில் பெயரும் ஓசையும் பெரிதும் ஒன்றே என்பது நமக்கு வாய்த்த வசதி. அதில் ஊன்றிய பிள்ளைக்கு மற்றதும் எளிது.

நம் வட்டாரத்தார் இதில் பின்தங்கியவர்கள் அல்லர். பிழைப்புக்காகச் சிங்கப்பூர் சென்ற கடையநல்லூர் மக்கள் தம் சங்கத்தின் வழியாக 1946இல் அங்கே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவினார்கள். பிற்காலத்தில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த அது 1982இல் மூடப்பட்டாலும், உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையமாக அப்பெயர் அங்கே நிலைத்திருக்கிறது. கடல் கடந்தும் பிள்ளைகளின் எழுத்தை மறவாதவர்கள் அவர்கள்.

மக்தபில் காயிதா முடிந்தபின் பத்து நிமிடம் தமிழ் வாசிக்கக் கேட்கலாம் என்று நிர்வாகக் கமிட்டியாரிடம் தெரிவித்துள்ளோம். "ஓதும் நேரத்தில் தமிழா?" என்று ஓரிருவர் வினவினர். ஓதலின் நேரம் குறையாது. பத்து நிமிடமும் அதற்குப் பின்னரே. எழுத்தை உற்றுக் கேட்கும் காது தஜ்வீதுக்கும் உதவும் காதுதான். புத்தகப் பையோடு பிள்ளையை அனுப்புங்கள். வளைகுடாவில் இருக்கும் தகப்பனார்களுக்கும் சொல்லிவிடுங்கள்: தொலைபேசியில் "மார்க் எத்தனை?" என்று கேட்பதற்கு முன், பிள்ளை அதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தைத் திறந்து மூன்று வரி வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும்.