குழந்தைகளுக்குக் கோடைக்கால உடுப்பு
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

கடன், வட்டி, விதை, உரம் ஆகியவற்றைப் பற்றியே பேசிப் பழகிய இச்சங்கத்தில், ஒரு வயதுக் குழந்தையின் சட்டையைப் பற்றி நான் பேச முன்வந்தது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆனால் குடும்பச் செலவில் சிக்கனமும் குடும்பத்தாரின் க்ஷேமமும் கூட்டுறவின் நோக்கங்களே அல்லவா? இவ்விரண்டும் ஒரு சிறு துண்டுத் துணியில் அடங்கியிருப்பதை எடுத்துக் காட்டவே விரும்புகிறேன்.

நமது விருதுநகர்ச் சீமை கரிசல் பூமி. கத்திரி வெயில் காலத்தில் கண்மாய்கள் வற்றி, நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பெரியவர்கள் மேல் சட்டையைக் களைந்துவிட்டு வேப்ப மர நிழலில் அமர்ந்துகொள்கிறோம். பேசத் தெரியாத குழந்தைக்கோ நாம் எதை மாட்டி விடுகிறோமோ அதுவே கதி. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குச் சென்றால் கூட்டத்தில் கைக்குழந்தைகளைக் கவனித்துப் பாருங்கள். வலைத்துணியும் மினுமினுப்பும் அடுக்கடுக்கான சுருக்கமும் வைத்த நைலான் கவுனுக்குள் அவை வெந்துகொண்டிருக்கும். கழுத்திலும் அக்குளிலும் வியர்க்குரு சிவந்திருக்கும். குழந்தை அழுகிறது, பசி என்று எண்ணித் தாய் பால் புகட்டுகிறாள். அழுகைக்குக் காரணம் வயிறன்று, சட்டையே.

பருத்தி நூல் வியர்வையை உறிஞ்சிக் காற்றில் உலரவிடும். நைலானும் பாலியெஸ்டரும் அவ்வாறு உறிஞ்சுவதில்லை. வியர்வை தோலின்மேலேயே நிற்கும். கருங்கண்ணிப் பருத்தி விளைந்த கரிசலில் பிறந்த குழந்தைக்குப் பருத்தியின் பெருமையை வெளியூரார் வந்து சொல்ல வேண்டியதில்லை.

நிற்க. நமது பகுதிக்கு மட்டும் உரிய வேறொரு காரணமும் உண்டு. கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923ஆம் ஆண்டில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். பிறகு பட்டாசும் அச்சும் சேர்ந்து ஊரே தொழில் நகரமாயிற்று. பட்டாசு ஆலைகளில் வேலை செய்வோர் பருத்தி உடையே அணியவேண்டும் என்று வற்புறுத்தப்படுவதை நீங்கள் அறிவீர்கள். செயற்கைத் துணி உராயும்போது மின்பொறி பிறக்கலாம். அப்பொறி மருந்தைப் பற்றவைத்துவிடும். தீப்பட்டாலோ அத்துணி உருகிச் சருமத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆலைக்குள் தந்தைக்கு விலக்கிய துணியை, அடுப்பும் விளக்கும் தீபாவளி மத்தாப்பும் உள்ள வீட்டில் குழந்தைக்கு உடுத்தலாமா?

ஆயினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. பருத்தித் துணியும் தீப்பற்றும். உருகி ஒட்டுவதில்லை என்பதே வேற்றுமை. மெல்லிய துணியும் தொங்கும் துணியும் விரைவாகப் பற்றும். ஆகவே பருத்தியைத் தேர்ந்தால் மட்டும் போதாது. தைக்கும் முறையும் சரியாக இருக்கவேண்டும். சட்டை காற்றோட்டமாக இருக்கலாம். ஆனால் பாவாடை போல விரியக்கூடாது. தொங்கும் சுருக்கம், நீண்ட நாடா, அகன்ற கை ஆகியன கூடா. எந்த உடுப்பை உடுத்தினாலும் குழந்தையை நெருப்பின் அருகே விடலாகாது.

துணி பருத்திதானா என்று கடைக்காரரைக் கேட்பதோடு நில்லாமல் நாமே சோதித்தறியலாம். ஓரத்திலிருந்து நான்கைந்து இழைகளை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்த் தட்டின்மேல் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனையுடன் எரிந்து மிருதுவான சாம்பலானால் அது பருத்தி. சுருண்டு கடினமான மணியாக உறைந்தால் செயற்கை நூல். இரண்டும் காணப்பட்டால் கலப்புத் துணி. இச்சோதனையை மருந்துப் பொருள் இருக்கும் இடத்தின் அருகே செய்யலாகாது.

இனித் தைக்கும் முறையைக் கூறுகிறேன். ஒரு வயது முதல் இரண்டு வயது வரையுள்ள, மார்புச் சுற்று 19 அங்குலம் கொண்ட குழந்தைக்கான அளவு இது. துவைத்துத் துவைத்து மிருதுவான நாலு முழ வேட்டி ஒன்று போதும். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த இடங்களை நீக்கிவிடவேண்டும். நல்ல பகுதியில் மூன்று குழந்தை உடுப்புகள் தேறும். புதுத் துணியானால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தியபின் வெட்டுக. இன்றேல் முதல் துவையலிலேயே சட்டை சுருங்கும்.

சட்டைக்கு 30 அங்குல நீளமும் 13 அங்குல அகலமும் உள்ள துண்டு வேண்டும். முதலில் நீளத்தில் பாதியாகவும், பிறகு அகலத்தில் பாதியாகவும் மடித்தால் ஆறரை அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் உள்ள நான்கு மடிப்பு கிடைக்கும். மேல் மடிப்பே தோள். அங்கே தையல் இல்லை. மடிந்த நடுக்கோட்டிலிருந்து தோளில் இரண்டேகால் அங்குலம் தள்ளியும், நடுக்கோட்டில் ஓர் அங்குலம் கீழேயும் குறித்து வளைத்து வெட்டினால் கழுத்து. பிறகு விரித்து, முன்புறத்தை மட்டும் இரண்டரை அங்குலம் ஆழமாக்குக. மீண்டும் மடித்து, தோளில் நாலரை அங்குலத்திலிருந்து, பக்க ஓரத்தில் ஐந்து அங்குலம் கீழே வரை வளைத்து வெட்டினால் கைவழி. பின்கழுத்தின் நடுவே நான்கு அங்குலம் நேராகப் பிளந்துவிடுக. குழந்தையின் தலை உடம்பை நோக்கப் பெரிது. இப்பிளவின்றிச் சட்டை தலையில் இறங்காது.

மூலைவாட்டில் வெட்டிய ஓர் அங்குலப் பட்டியால் பிளவையும் கைவழிகளையும், கடைசியாகக் கழுத்தையும் சுற்றித் தைக்கவேண்டும். கழுத்துப் பட்டியின் இரு முனைகளையும் மூன்று அங்குலம் மிச்சம் விட்டால் அதுவே முடிச்சுக் கயிறு. அதற்குமேல் நீளம் வேண்டா. நீண்ட கயிறு கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். பொத்தானும் ஊக்கும் தவிர்க்க. கைக்கு எட்டியது வாய்க்குப் போகும் வயது அது. பக்கங்களை முதலில் வெளிப்புறமாகக் கால் அங்குலத்தில் தைத்து, பிசிறை நறுக்கிவிட்டு, திருப்பி உட்புறமாக இன்னொரு கால் அங்குலம் தைத்தால் பிசிறு மறைந்து சருமத்தை உறுத்தாது. அடியில் ஓர் அங்குலம் மடித்துத் தைத்தால் சட்டை முடிந்தது.

கால்சட்டைக்கு 15 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள இரண்டு துண்டுகள் வேண்டும். ஒவ்வொன்றையும் அகலத்தில் மடித்து, திறந்த ஓரத்தில் மேலிருந்து எட்டரை அங்குலம் வரை ஒன்றரை அங்குலம் உள்வாங்கி, அடியில் வளைவாக வெளியே கொண்டுவந்து வெட்டுக. இரு துண்டுகளையும் வளைவு ஓரங்களில் சேர்த்துத் தைத்து, பின் கால்களின் உட்புறத்தை ஒரே ஓட்டமாகத் தைக்கலாம். இடுப்பில் ஓர் அங்குலம் மடித்து எலாஸ்டிக் கோத்துவிடுக. இரண்டு விரல் தாராளமாக நுழையவேண்டும். இடுப்பில் தழும்பு விழுந்தால் அது இறுக்கம்.

ஆலைக்குச் செல்லும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வேலை உடையில் படிந்த மருந்துத் தூள் குழந்தையின் மேல் படலாகாது. வீடு திரும்பியதும் கைகால் கழுவி, உடை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்குங்கள். வேலை உடையைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டா. தப்பித் தவறித் தீக்காயம் பட்டால், ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். மையும் மாவும் பூசாதீர்கள். 108க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

சங்கம் செய்யக்கூடியது யாது? சிவகாசியில் அச்சாகும் பெரிய நாட்காட்டிகளின் பழைய தாளில் இவ்வுடுப்பின் மாதிரியை வெட்டி, சங்கக் கட்டிடத்தில் மாட்டி வைக்கலாம். வேண்டுவோர் வந்து பிரதி எடுத்துக்கொள்வர். பல குடும்பங்கள் சேர்ந்து கைத்தறித் துணியை மொத்தமாக வாங்கலாம். நெசவாளரின் கூட்டுறவாக 1935ஆம் ஆண்டில் தோன்றியதே கோ-ஆப்டெக்ஸ். அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அளிக்கும் இலவசச் சீருடைகளைத் தைப்பவர்களும் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த பெண்களே. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தைக்கும் கைகள் உள்ள நாட்டில், நம் தொட்டில் குழந்தை கோடையில் வேகலாமா?

அடுத்த கூட்டத்திற்கு வரும்போது ஒவ்வொரு வீட்டாரும் பழைய வேட்டி ஒன்றைத் துவைத்துக் கொண்டுவாருங்கள். கத்தரிக்கோலோடு நான் காத்திருப்பேன்.