பகலை இரவாக்கும் கலை

இரவு என்பது ஒளியின் குறைவு மாத்திரமே என்று எண்ணுவோர் பலர். புகைப்படக் கலையைப் பொறுத்தவரையில் அவ்வெண்ணம் பிழையானது. நண்பகலில் எடுக்கப்பட்ட தெருவொன்றின் படத்தைக் கணினியில் இட்டு, அதன் ஒளியை மட்டும் குறைத்துப் பார்ப்பவருக்கு இவ்வுண்மை உடனே புலப்படும். திரையில் தோன்றுவது இரவன்று. ஒளி போதாமற் கெட்டுப்போன பகலே. கூரையின் சிவப்பு ஓடுகள் சிவப்பாகவே நிற்கும். மரத்தடியில் உச்சிவெயிலின் நிழல் கூர்மையாகக் கிடக்கும். வானமோ நிலத்தினும் வெளிறியிருக்கும். அவ்வாறாயின், இரவை இரவாகக் காட்டுவது எது?

விடையின் முதற்பகுதி மனிதக் கண்ணிலேயே உள்ளது. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், செக் நாட்டு உடலியல் அறிஞரான புர்க்கின்ஜே என்பார் ஒரு புதுமையை அவதானித்தார். நல்ல வெயிலிற் பளிச்சென விளங்கும் செந்நிறப் பூக்கள், விடியற்காலத்து அரையிருளிலே கருமை கொண்டிருந்தன. நீலமும் பச்சையும் அவற்றிலும் துலக்கமாகத் தோன்றின. இதன் காரணம் பின்னரே தெளிவாயிற்று. விழித்திரையிலே கூம்புகள், கோல்கள் என இருவகைக் கலங்கள் உள்ளன. கூம்புகள் பகலுக்குரியவை, நிறங்களைப் பிரித்தறிபவை. கோல்கள் மங்கிய ஒளிக்குரியவை. அவை நிறத்தை அறியா. சிவப்பொளியைப் பெரும்பாலும் உணரா. ஆகவே, இருள் சூழுந்தோறும் முதலிற் சிவப்புக் கருகும். பின்னர் ஏனைய நிறங்களும் சோர்ந்துவிடும். பூரண சந்திரனின் ஒளி சூரிய ஒளியினும் ஏறக்குறைய 4 இலட்சம் மடங்கு குறைந்தது. அது சூரியனிடமிருந்து பெற்ற ஒளியே. கருவிகொண்டு அளந்தால் அதில் நீலம் மிகுந்திருப்பதில்லை. எனினும் கண் அதனை நீலஞ் சார்ந்ததாகவே காண்கின்றது. ஓவியரும் திரைப்படக் கலைஞரும் இரவுக்கு நீலந் தீட்டுவது இக்காட்சிக்கு இணங்கவேயாம்.

கணினி தோன்றுவதற்கு நெடுநாள் முன்னரே இவ்வித்தை திரைப்பட உலகிற் கையாளப்பட்டது. ஜெர்மானிய இயக்குநர் முர்னோ 1922 இல் வெளியிட்ட ‘நொஸ்ஃபெராட்டு’ என்னும் ஊமைப்படத்தில், இரவுக் காட்சிகள் பகலிலேயே எடுக்கப்பட்டன. அக்காலப் படச்சுருள் இருளிற் படம்பிடிக்க வல்லதாயிருக்கவில்லை. அப்பகுதிகளுக்கு நீலச்சாயம் ஏற்றப்பட்டதும் பார்வையாளர் அவற்றை இரவென ஏற்றனர். பிற்காலத்திற் சாயமின்றி எடுக்கப்பட்ட பிரதிகளிலோ, சூரிய ஒளி பட்டால் அழிந்துபோகும் பிசாசு பட்டப்பகலிற் சவப்பெட்டியைச் சுமந்து நடக்கும் வேடிக்கை நேர்ந்தது! பின்னர் ஹொலிவூட் கலைஞர் கமராவின் துவாரத்தைச் சுருக்கியும், வடிகட்டிகளைப் பொருத்தியும், சூரியனை நடிகரின் பின்புறத்தே நிறுத்தி அதனையே நிலவாக்கியும் இம்முறையை வளர்த்தனர். பிரெஞ்சுக்காரர் இதற்கு ‘அமெரிக்க இரவு’ எனப் பெயரிட்டனர். அப்பெயரையே தலைப்பாகக் கொண்டு இயக்குநர் த்ரூஃபோ 1973 இல் ஒரு படம் எடுத்தார். 2015 இல் வெளிவந்த ‘மேட் மக்ஸ்’ வரிசைப் படமோ எதிர்வழியிற் சென்றது. நமீபியப் பாலைவனத்தின் கடும்வெயிலில், வழக்கத்தினும் கூடுதலான ஒளியைக் கமராவுள் ஏற்று, நிழல்களின் நுட்பங்களைக் காத்துக்கொண்டு, பின்னர் கணினியில் அதனை இருளாக்கினர். ஒளியைக் குறைப்பது எளிது. பதிவாகாத நுட்பத்தை மீட்பதோ அரிது என்பதே அவ்வழியின் தத்துவம்.

1990 இல் போட்டோஷொப் வெளிவந்த பின்னர் இவ்வாற்றல் படிப்படியாகச் சாதாரண மக்களின் கைக்கும் எட்டியது. ஆயினும் கருவி எதுவாயினும் முறை ஒன்றே. முதலில் ஏற்ற படத்தைத் தெரிதல் வேண்டும். மேகம் மூடிய நாளில் எடுத்த, கூரிய நிழலற்ற படம் சாலச் சிறந்தது. அடுத்து, ஒளியைத் தணித்து, நிறங்களின் செறிவைக் குறைத்து, சிறப்பாகச் சிவப்பை அடக்கி, முழுப்படத்தையும் நீலத்தின்பாற் சாய்த்தல் வேண்டும். வெளிறிய வானத்தைத் தனியே பிரித்துக் கருமையாக்குதல் மூன்றாவது. இறுதியாக, சாளரங்களிலும் தெருவிளக்குகளிலும் மஞ்சள் ஒளியை ஏற்றுதல் வேண்டும். விளக்கின் ஒளி அதன் கண்ணாடிக்குள் அடங்கி நிற்பதில்லை; சுவரிற் படியும், நிலத்திற் பரவும், ஈரமிருப்பின் அங்கே பிரதிபலிக்கும். அதனை மறந்தவரின் விளக்கு, படத்தின்மேல் ஒட்டிய மஞ்சட் காகிதமாகவே தோன்றும். நிலவைச் சேர்ப்பவர், நிழல் விழும் திசை அதற்கு ஒத்திருக்கின்றதா என்றும் நோக்குதல் அவசியம்.

இவ்வளவு செய்தபின்னரும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. இது கலையா, பொய்யா? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அன்ஸல் அடம்ஸ் 1941 இல் நியூ மெக்சிக்கோவின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரை அந்திவேளையிற் படம்பிடித்தார். மறையும் கதிரவனின் ஒளி கல்லறைச் சிலுவைகளிற் பட்டுக்கொண்டிருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல, இருட்டறையில் அவர் எடுத்த பிரதிகளில் வானம் மேன்மேலுங் கறுத்து, நள்ளிரவு போலாயிற்று. அதனை எவரும் மோசடி என்பதில்லை; தம் உள்ளத்திற் பதிந்த காட்சியை அவர் வெளியிட்டார் என்றே கொள்வர்.

ஆனால் 1994 இல் நிகழ்ந்தது வேறு. கொலைக் குற்றஞ் சாட்டப்பட்ட விளையாட்டு வீரர் ஒருவரின் பொலிஸ் படத்தை அமெரிக்க வார இதழொன்று கறுப்பாக்கி அட்டையில் வெளியிட்டது. மற்றோர் இதழ் அதே படத்தை மாற்றமின்றி வெளியிட்டிருந்தபடியால் வேறுபாடு அப்பட்டமாயிற்று. வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே ஒரு மனிதர் கொடியவராகக் காட்டப்பட்டார் என்றும், அவருடைய கருநிறமே அச்சத்தின் அடையாளமாக்கப்பட்டது என்றும் கண்டனம் எழுந்தது. இருளுக்குப் பொருள் உண்டு என்பதை அச்சம்பவம் உணர்த்தியது.

ஆகவே எல்லை எங்கே உள்ளது என்பது தெளிவு. கதைக்கும் கற்பனைக்கும் பகலை இரவாக்குவது தொன்றுதொட்டு வரும் கலை. பார்ப்பவரும் அதற்கு இசைந்தே பார்க்கின்றனர். செய்தியாகவும் சாட்சியாகவும் நிற்கவேண்டிய படத்திலோ அவ்விசைவு இல்லை. அங்கே ஒரு பிடி இருளைச் சேர்ப்பவர், பார்ப்பவரின் தீர்ப்பை அவரறியாமலே மாற்றிவிடுகின்றார். கற்பனையென்று சொல்லிக் காட்டப்படும் இரவு கண்ணுக்கு விருந்து. சொல்லாமற் புகுத்தப்படும் இரவு அறிவுக்குத் திரை.